மகளுக்கு ஓர் அறை தேடும்போது...

உங்கள் மகள் பட்டதாரியாகிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்! அத்தோடு நிற்கவில்லை, பேராதனையில் பட்டப்பின் படிப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. வாப்பா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். உம்மாவுக்கோ அன்றிரவே தூக்கம் போய்விடுகிறது. "பிள்ளை எங்கே தங்கும்?"

மடவளையில் மட்டுமல்ல, காத்தான்குடியிலும் புத்தளத்திலும் இன்று பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. பெண்பிள்ளை வீட்டை விட்டுத் தங்கிப் படிக்கலாமா என்ற விடயத்தை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதை உங்கள் குடும்பமும் நீங்கள் நம்பும் ஆலிமும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். படிக்கட்டும் என்று முடிவெடுத்த பின்னர், இடம் தெரிவு செய்வதில் நாம் எவற்றைப் பார்க்கிறோம், எவற்றைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

முதல் பட்டத்துக்குப் படித்த காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு இருக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்த விதமே அப்படி. 1942ல் கொழும்பில் ஆரம்பித்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ல் பேராதனைக்கு வந்தது. மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் எண்ணம். அதற்கும் முன்னரே, பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டிப் பக்கத்திலா என்று பெரிய வாதப் பிரதிவாதம் நடந்தது. கண்டிப் பக்கம்தான் வேண்டும் என்று நின்றவர்களில் நம் சமூகத்தைச் சேர்ந்த நீதியரசர் எம்.ரி. அக்பரும் ஒருவர். அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு மண்டபம் இருக்கிறது. அதையொட்டி ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தையும் அக்பர் பாலம் என்றே பிள்ளைகள் சொல்கிறார்கள். ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா மண்டபங்களில் தங்கிப் படித்து வெளியேறிய நம் பெண்களும் ஏராளம்.

ஆனால், பட்டப்பின் படிப்புக்கு வருகிறவளின் நிலை வேறு. விடுதி இடங்கள் இளமாணிப் பிள்ளைகளுக்கே போதாத நிலையில், இவளுக்குக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். (கேட்டுப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். கேட்காமலேயே கிடைக்காது என்று முடிவு கட்டி அறை தேடப் புறப்படுகிறவர்களும் உண்டு.) அவளுடைய நேரமும் வேறு. சில பாடநெறிகளுக்கு வார இறுதியில் மட்டும் விரிவுரை. ஆய்வு செய்கிறவளுக்கோ வார நாட்களில் ஆய்வுகூடம், நூலகம். எப்போது முடியும் என்று அவளுக்கே தெரியாது. இந்த நேரம் தெரியாமல் இடம் தேட இறங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான்.

நம்மவர் பகுதி

இடம் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை இது. "நம்மவர் பகுதியாகப் பாருங்கள்." அக்குறணையில் சாச்சி இருக்கிறா, கட்டுகஸ்தோட்டையில் மாமி இருக்கிறா, மடவளை என்றால் சொல்லவே வேண்டாம், பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. இதில் பிழையொன்றும் இல்லை. ஹலால் சாப்பாட்டுக்கும் பாங்கொலிக்கும் நோன்பு காலத்து ஸஹருக்கும் நம்மவர் நடுவில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பதை வெளியூரில் தங்கியவர்களே அறிவார்கள்.

ஆனால், படிக்கும் பிள்ளை நாள் முழுவதும் அந்த வீட்டுக்குள் இருக்கப் போவதில்லையே! மடவளையிலிருந்து கண்டிக்குச் சுமார் பத்துக் கிலோமீற்றர். அங்கே இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, மேலும் ஆறு கிலோமீற்றர் போனால் பேராதனை. பின்னேரம் இதே பாதையில் திரும்ப வேண்டும். விரிவுரை ஐந்தரைக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் மாதம் கண்டியில் ஆறு மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். அந்த மாதத்துப் பின்னேர மழையும் சேர்ந்துவிட்டால், பேராதனை வீதியில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். கண்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குச் சனத்துக்குள் நின்று, ஊர் வந்து சேர இஷாவும் ஆகிவிடலாம். ஊருக்குள் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. ஊருக்கு வரும் வழிதான் அவளுடைய பிரச்சினை.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017ல் வெளியிட்ட ஆய்வொன்று, இலங்கையில் பெண்களில் 90 சதவீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவை அனுபவித்திருக்கிறார்கள் என்று சொன்னது. பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம்தான். உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தே பலர் வாய் திறப்பதில்லை.

டில்லியில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைக்கிறது. கிரிஜா போர்கர் என்ற பொருளியல் ஆய்வாளர், டில்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியர் சுமார் 4,000 பேரின் விபரங்களைத் திரட்டி, அவர்கள் எந்தப் பாதையால், எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று பார்த்தார். பாதுகாப்பான பாதைக்காகத் தரம் குறைந்த கல்லூரியையும் ஏற்றுக்கொள்ளப் பெண்கள் தயாராக இருந்தார்கள். ஆண்டுக்கு 18,800 இந்திய ரூபாவரை கூடுதலாகச் செலவிடவும் தயாராக இருந்தார்கள். ஆண்பிள்ளைகளிடம் அந்த அளவு காணப்படவில்லை. அதாவது, வழி சரியில்லாததால் பெண்பிள்ளை தன் கெட்டித்தனத்தையே விட்டுக்கொடுக்கிறாள். நம் வீடுகளிலும் இது நடக்கிறது; நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. கடைசி விரிவுரைக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடுகிறவளும், ஆய்வுகூடத்தில் பின்னேர வேலையை வேண்டாம் என்று சொல்கிறவளும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆகவே, பகுதியின் பெயரைக் கேட்பதற்கு முன் எத்தனை பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இறங்கிய பின் எவ்வளவு தூரம் நடை என்று கேளுங்கள். கெலிஓயாவை எடுத்துக்கொண்டால், கம்பளை வீதியில் ஒரே பஸ். நம்மவர்களும் அங்கே இருக்கிறார்கள். கொழும்பு வீதியில் பெனிதெனியவும் அப்படியே கிட்டிய இடம். கலஹா வீதியால் வளாகத்தைத் தாண்டிப் போனால் ஹிந்தகல. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்துப் பழகிய வீடுகள் இப்படியான சுற்றுவட்டாரத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கும். கண்டி நகருக்குள் பள்ளிவாசல்களை அண்டிய வீதிகளில் தங்கினாலும் ஒரு பஸ்தான், ஆனால் வாடகை அதிகம். வார இறுதியில் மட்டும் விரிவுரை உள்ளவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. மடவளையிலிருந்தோ அக்குறணையிலிருந்தோ பகலில் வந்து போகலாம்.

நம்மவர் பகுதி என்று பேசும்போது 2018 மார்ச்சையும் மறைத்துப் பேச முடியாது. திகன, தெல்தெனியவில் தொடங்கியது அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் பரவி, மார்ச் 6ம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை. நம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்த வாரத்திலேயே, அயல்வீட்டு முஸ்லிம்களுக்குச் சிங்களக் குடும்பங்கள் அடைக்கலம் கொடுத்த செய்திகளும் வந்தன. அறை தேடும் உம்மாமாருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நம்மவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அடுத்த வீட்டில் யார், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள். அறை எடுக்கும் முதல் நாளே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய், "இது என் மகள், இங்கேதான் தங்கிப் படிக்கப் போகிறா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சிங்களம் தடுமாறினாலும் பரவாயில்லை. ஊரடங்குச் சட்டம் போட்டால் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதும் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணி

நாம் அறை பார்க்கப் போகும் விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வானில் குடும்பமே ஏறி, வீட்டு வாசலிலேயே இறங்கி, உள்ளே போய்க் குளியலறையையும் சுவரையும் பார்த்து, வீட்டுக்கார அம்மா கொடுக்கும் தேநீரையும் குடித்துவிட்டு வருகிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லா வீதியும் நல்ல வீதிதான்!

ஒரு வார நாளில் பின்னேரம் ஆறரைக்குப் போங்கள். வான் வேண்டாம். மகளும் நீங்களும் வளாகத்திலிருந்து அவள் ஏறப்போகும் பஸ்ஸிலேயே ஏறி, அவள் இறங்கப்போகும் தரிப்பிடத்தில் இறங்கி, அந்த வீட்டுப் படலை வரை நடந்து பாருங்கள். வீதி விளக்கு எரிகிறதா, கம்பம் மட்டும் நிற்கிறதா? கடையேதும் திறந்திருக்கிறதா? இரண்டு பக்கமும் உயர்ந்த மதில் என்றால், கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. வயலுக்கு நடுவே, ரப்பர் தோட்டத்துக்குள், ரயில் பாதையோரமாகப் போகும் குறுக்குவழி பகலில் அழகு. இரவில் அது வழியே அல்ல. வீட்டுக்காரர் "ஐந்து நிமிட நடை" என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் குறுக்குவழியைத்தான்! முச்சக்கர வண்டிகள் எங்கே நிற்கின்றன, அங்கே கூடி நிற்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தெருநாய்களைக்கூட எண்ணிப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அந்த வீதியில் வேறு பெண்கள் நடக்கிறார்களா? டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், வேலை விட்டு வரும் பெண்கள், கைக்குழந்தையோடு கடைக்குப் போகிறவள் என்று நாலு பேர் கண்ணில் பட்டால், அந்த வீதியைப் பற்றி எந்தப் புரோக்கரும் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

அங்கே ஏற்கனவே தங்கிய பிள்ளைகளிடமும் கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மஜ்லிஸ் இருக்கிறது. சீனியர் மாணவிகளின் தொடர்பை அதன் வழியாகப் பெறலாம். "வீடு நல்லதா?" என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள். "ஏன் அங்கிருந்து மாறினீர்கள்?" என்று கேளுங்கள்.

ஆறும் மலையும்

கண்டியில் பாதுகாப்பு என்றால் மனிதர்களைப் பற்றிய பயம் மட்டுமல்ல, நிலத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். இதை நம்மவர்கள் கேட்பதே இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மகாவலி பெருகி, பேராதனை, கெலிஓயா, கம்பளைப் பக்கங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. மலைகள் சரிந்தன. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. சற்று முன்னர் ஒரே பஸ்ஸில் வரலாம் என்று சொன்னேனே, அந்தக் கெலிஓயாவில் ஆற்றோரத்து வீடா, மேட்டு வீடா என்று கேட்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. கெட்டம்பேயும் அப்படியே. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிக் கடைவீதிக்குள் வருவது பலமுறை பார்த்த காட்சி.

ஆற்றுக்குப் பயந்து மேலே ஏறினால் மலை. 2020 செப்டெம்பர் 20ம் திகதி கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்ததில், ஒரு கைக்குழந்தை உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் தங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே, தங்கப்போகும் வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு மேலே என்ன நிற்கிறது என்று தலையை உயர்த்திப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்களா? தாங்கு சுவர் இருந்தால், அதில் தண்ணீர் வெளியேறத் துளைகள் உண்டா, வெடிப்பு உண்டா? மரங்களும் மின்கம்பங்களும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், தரையில் நீளமான வெடிப்பு ஓடினால், புதிதாக ஊற்றுக் கிளம்பிக் கலங்கல் நீர் வந்தால், அங்கே அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மண்சரிவு அபாயம் எங்கே உண்டு என்று வரைபடமே வைத்திருப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். மழைக்காலத்தில் அந்த நிறுவகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். வாடகைக்கு இருக்கும் பிள்ளையின் பெயர் கிராம உத்தியோகத்தரிடம் இருக்கட்டும். ஆட்களை வெளியேற்றும்போதும் நிவாரணத்தின்போதும் அவரிடம் உள்ள விபரத்தைத்தான் தேடுவார்கள். வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இருக்கும், மேல்மாடி அறையில் இருக்கும் பிள்ளையை யாருக்கும் தெரியாது என்ற நிலை வரக்கூடாது.

படலையும் திறப்பும்

வீட்டுக்குள் வருவோம். வீட்டுக்காரக் குடும்பம் அதே வளவுக்குள் இருக்கிறதா? இளம் பிள்ளைகளுக்கு அறை கொடுத்துவிட்டுக் கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரை விட, கீழ்மாடியில் இருந்துகொண்டு சத்தம் போடும் கிழவி எவ்வளவோ மேல். அறைக்குத் தனி வாசல் இருந்தால், அதன் திறப்பு இன்னும் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டை மாற்றிக்கொள்ள விடமாட்டோம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். உள்தாழ்ப்பாள், யன்னல் கம்பி, குளியலறை எங்கே, அதற்கு இரவில் வெளியே போக வேண்டுமா, அந்தக் குளியலறையை யார் யார் பாவிக்கிறார்கள்? வீட்டில் வந்து போகும் ஆண்கள் யார்? இப்படிக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேட்டதற்காகக் கோபிக்கும் வீடு உங்களுக்கு வேண்டாம். (யன்னல் விடயத்தில் குரங்குகளையும் மறந்துவிட வேண்டாம். பேராதனைக் குரங்குகளுக்கு எங்கள் பிள்ளைகளின் பாண் மிகவும் பிடிக்கும்!)

படலை பூட்டும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறரைக்குப் படலை பூட்டும் வீடு என்றால் உம்மாமாருக்கு மிகுந்த திருப்தி. ஆனால், ஆய்வுகூடத்தில் ஆறு மணி வரை நிற்க வேண்டியவள் என்ன செய்வாள்? நேரம் தப்பிவிட்டால் திட்டு வாங்கப் பயந்து குறுக்குவழியால் ஓடி வருவாள், அல்லது மழையில் படலைக்கு வெளியே நிற்பாள். அவளைக் காப்பதற்குப் போட்ட பூட்டு அவளை வீதியில் நிறுத்திவிடும். ஆகவே, பிள்ளையின் நேரசூசியை வீட்டுக்காரரிடம் முதலிலேயே காட்டுங்கள். பிந்தினால் தொலைபேசியில் அறிவிப்பாள், நீங்கள் திறந்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். மடவளையில், அக்குறணையில், கெலிஓயாவில் தங்கள் வீட்டில் போடிங் கொடுக்கும் சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள். உங்களிடமும் இதைத்தான் கேட்கிறோம்.

தனியாக ஓர் அறை எடுப்பதை விட இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஓர் அனெக்ஸ் எடுப்பது நல்லது. செலவு பகிர்ந்துகொள்ளப்படும். பேராதனையிலிருந்து பிந்தி வரும் நாளில் ஒருத்திக்கு இன்னொருத்தி துணை. முற்பணத்துக்குக் கையெழுத்திட்ட ரசீதும், இரண்டு வரியிலாவது எழுதிய உடன்படிக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் முன்னறிவித்தால் விலகலாம், அப்போது முற்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது அதில் இருக்கட்டும்.

கதவின் உள்பக்கம் சில இலக்கங்களைப் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பொலிஸ் அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிச் சேவை 1938, அம்புலன்ஸ் 1990, வெள்ளம் மண்சரிவு என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்தால் அது வெறும் சேட்டை அல்ல. 1995ல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம். இதை மகளுக்குச் சொல்லி வையுங்கள். அதை விட முக்கியம், அப்படியொன்று நடந்ததாக அவள் வந்து சொன்னால் படிப்பை நிறுத்தப் போவதில்லை என்று முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுவது.

இன்னொன்று, அறைக்கென்று பணம் ஒதுக்கும்போது ஒரு மாத வாடகையை வேறாக எடுத்து வையுங்கள். மகள் கையிலேயே இருக்கட்டும். அது தளபாடத்துக்கு அல்ல, பெருநாள் உடுப்புக்கும் அல்ல. ஒரு நாள் அந்த வீடு அவளுக்குச் சரிப்படவில்லை என்றால், காரணத்தை விளக்கிக்கொண்டு நிற்காமல், முற்பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பையைத் தூக்கிக்கொண்டு அன்றே வெளியேறுவதற்கான பணம் அது.